காரைத் தாழ்த்தும் முன் ஸ்கேலை எடுங்கள்



பொங்கலுக்குப் போட்ட குடும்பப் படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்க வீட்டு ஸ்விஃப்ட் கொஞ்சம் குள்ளமாயிட்ட மாதிரி தெரியுதே?" என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். இன்னொருவர், தன் தம்பி கார் ஸ்பிரிங்கை வெட்டப் போவதாகவும், அவனுக்கு நாலு வார்த்தை எழுதும்படியும் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். பதிவு நீளம்தான். அறிவியல் வகுப்பில் என் சுருள்வில் தராசைப் பார்த்தவர்களுக்குப் புரியாமல் போகாது.

படத்தில் இருப்பது உண்மைதான். எங்கள் கார் முன்பக்கம் 25 மில்லிமீட்டரும் பின்பக்கம் 15 மில்லிமீட்டரும் இறங்கியிருக்கிறது. என் மகன் முதலில் கேட்டது 50 மில்லிமீட்டர். அவனுடைய அப்பா, அதாவது உங்கள் கணக்கு சார், கேட்டது சுழி. இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதுதான் கதை.

மகன் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறான். காருக்கு மாதத் தவணை கட்டுவது அவன். நண்பர்களோடு செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய் வந்ததிலிருந்து, தரையோடு தரையாகப் போகும் வண்டிகள்மேல் ஆசை. ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்தால் போதும், ஒரு மணி நேர வேலை, பெரிய செலவும் இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாருக்கோ இரண்டு வருடத்துக்கு முன் இடுப்புத் தண்டில் அறுவை சிகிச்சை. வாரம் ஒருமுறை பொள்ளாச்சியில் பிசியோதெரபி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோவையில் பரிசோதனை. அவர் வெளியே போவதே இந்தக் காரில்தான். "நீ உன் இஷ்டப்படி பண்ணிக்க சாமி, நான் இனி எங்கேயும் வரலை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நாலு நாள் வீட்டில் பேச்சு இல்லை.

எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிந்தது. தவணை கட்டுகிறவனுக்கு ஒரு ஆசை இருக்கக் கூடாதா? முன்சீட்டில் உட்காருகிறவருக்கு ஒரு பயம் இருக்கக் கூடாதா? ஆசையையும் பயத்தையும் எதிரெதிரே நிறுத்தினால் சண்டைதான் வரும். அளந்து பார்த்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். அதனால் பழைய மாணவர் ஒருவரைக் கூப்பிட்டேன். ஊருக்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. "ஸ்கேல் எடுத்துட்டு வாங்க டீச்சர், முதல்ல அளந்து பார்த்துருவோம்" என்றார். எட்டாம் வகுப்பில் ஸ்கேல் கொண்டுவராமல் வெளியே நின்ற பையன் அவர்!

முதலில் அடிப்படை. ராபர்ட் ஹூக் என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி 1678-இல் வெளியிட்ட விதி உங்களுக்கு நினைவிருக்கும். சுருள்வில்லில் இரண்டு மடங்கு எடையைத் தொங்கவிட்டால் இரண்டு மடங்கு நீளும். நம் தராசில் 100 கிராம், 200 கிராம் என்று மாட்டிப் பார்த்தோமே, அதேதான். காரின் ஸ்பிரிங் நீளுவதற்குப் பதிலாக அமுங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது அந்த அடியை உள்ளே இருப்பவர் முதுகு வாங்காமல் ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. அதற்கு ஸ்பிரிங்குக்கு வேண்டியது தூரம். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பிடிக்கிறோம். சுவரில் கையை ஒட்டி வைத்துக்கொண்டு பிடித்தால் என்ன ஆகும்? பந்து அதே பந்துதான், வலி மட்டும் வேறு. காரைத் தாழ்த்துவது என்றால், கை பின்னால் போவதற்கு இருக்கும் அந்த இடத்தைக் குறைப்பது. அந்தத் தூரம் தீர்ந்துவிட்டால் ஷாக் அப்சார்பர் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பரில் போய் இடிக்கும். அப்போது கேட்கும் 'டொம்' சத்தம்தான் சாருடைய பயம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் அதே அடியைப் பாதித் தூரத்தில் வாங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் இரண்டு மடங்கு இறுக்கமாக இருந்தால் போதாது, நான்கு மடங்கு வேண்டும். இதைச் சொன்னதும் சார் அறையிலிருந்து வெளியே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கணக்கு என்றால் அவருக்குக் கோபம் நிற்காது.

இப்போது அளவு. ஒர்க்‌ஷாப்காரர் ஷாக் அப்சார்பரின் தண்டில், தூசி உறையைத் தூக்கிவிட்டு, ஒரு சாதாரண பிளாஸ்டிக் கேபிள் டை மாட்டினார். வயர்களைக் கட்டுவோமே, அதுதான். வண்டி குதிக்கும்போது அந்த டை மேலே தள்ளப்படும், திரும்பக் கீழே வராது. ஆக எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதற்கு அது சாட்சி. நம் ஆய்வகத்தில் பகலின் உச்ச வெப்பநிலையைக் காட்டிக் கொடுக்கும் வெப்பமானியில் சிறு குறிமுள் ஒன்று இருக்குமே, அதே தந்திரம். "ஒரு வாரம் எப்பவும் போற ரோட்டுலயே போங்க, எப்பவும் போற ஆளுங்களோட போங்க. புதுசா எதுவும் பண்ண வேண்டாம்" என்றார்.

ஒரு வாரம் போனோம். பிசியோதெரபிக்கு, மகன் வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் ஒரு மூட்டை அரிசியுமாக ஆனைமலைக்கு. திரும்பி வந்து பார்த்ததில், முன்பக்கம் ரப்பரைத் தொடும்வரை இருந்த 70 மில்லிமீட்டரில் 48 பயன்பட்டிருந்தது. பின்பக்கம் டை நேராக ரப்பரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அதாவது ஐந்து பேர் ஏறினால், கம்பெனியிலிருந்து வந்த உயரத்திலேயே பின்பக்கம் முழுத் தூரத்தையும் செலவழித்துவிடுகிறது.

சார் பேனாவை எடுத்தார். முன்பக்கம் 50 இறக்கினால் மிச்சம் 20. இதுவரை 48-இல் வாங்கிய அடியை 20-இல் வாங்க வேண்டும். 48-ஐ 20-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 5.76. ஏறக்குறைய ஆறு மடங்கு இறுக்கமான ஸ்பிரிங் வேண்டும். அப்படிப்பட்ட வண்டியில் நெல் மூட்டை ஏற்றலாம், மனிதர்கள் போக முடியாது. ஒரு சுற்றை வெட்டினால் என்ன கிடைக்கும்? வேலை செய்யும் சுற்றுகள் ஆறு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை எடுத்தால் ஐந்து. இறுக்கம் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம்தான் கூடும். தேவை 476 சதவீதம் அதிகம், கிடைப்பது 20. மீதியை ரப்பரும் முதுகும்தான் வாங்க வேண்டும்.

அதே கணக்கில் 25 இறக்கிப் பார்த்தோம். மிச்சம் 45. இப்போதையதைவிட 25 சதவீதம் இறுக்கமான ஸ்பிரிங் போட்டால், 48 அமுங்கிய இடத்தில் 43 அமுங்கும். 45-க்குள் அடங்கிவிடுகிறது. மகன் முகத்தில் வெளிச்சம். சார் இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். விடை மாறவில்லை.

அடுத்தது தரை இடைவெளி. எங்கள் வண்டிக்குக் கம்பெனி சொல்லும் அளவு 163 மில்லிமீட்டர். அது ஆள் ஏறாத வண்டிக்கு. ஐந்து பேரும் மூட்டையும் ஏறிய பிறகு சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தோம். முன்பக்கம் 15, பின்பக்கம் 45 இறங்கியிருந்தது. நடு வயிற்றுக்குச் சராசரியாக 30 என்று வைத்தால் மிச்சம் 133.

வேகத்தடைக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் ஒரு அளவு வகுத்திருக்கிறது. 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். அப்படி முறையாகக் கட்டியது எவ்வளவு தாழ்ந்த காரையும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. காரணம், எங்கள் காரின் இரண்டு அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம் 2.45 மீட்டர்தான். நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும். சக்கரங்களுக்கு நடுவே மேடு தலை தூக்குவது 44 மில்லிமீட்டர் மட்டும். ஆனால் தெருவில் தாங்களாகவே சிமென்ட் குழைத்துப் போட்ட மேடு வேறு ரகம். எங்கள் வழியில் ஒன்றை நானே இறங்கி அளந்தேன். 60 சென்டிமீட்டர் அகலம், 9 சென்டிமீட்டர் உயரம். முன்சக்கரம் இறங்கிய பிறகு அந்த 90 மில்லிமீட்டரும் முழுசாக வண்டியின் வயிற்றுக்கு அடியில் வரும். 133-இல் 90 போக 43. இதில் 50 இறக்கினால் வயிறு உரசும். முன்னால் 25-உம் பின்னால் 15-உம் இறக்கினால் நடுவில் 20 குறைந்து 23 மிஞ்சும். மெதுவாக ஏறி இறங்கினால் போதும். (நடுரோட்டில் ஒரு கிழவி ஸ்கேலோடு குனிந்து நிற்பதைப் பார்த்து இரண்டு பைக்காரர்கள் நின்று, "ஏனுங்க அம்மா, ஏதாவது தொலஞ்சுபோச்சுங்களா?" என்று தேடித்தர வந்துவிட்டார்கள்.)

தம்பிக்காகக் கேட்டவருக்கு இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஸ்பிரிங்கை வெட்டுவதும், கேஸ் வைத்துச் சூடாக்கி உட்கார வைப்பதும் வேண்டவே வேண்டாம். சூடு பட்ட எஃகு தன் பதத்தை இழந்துவிடும், பிறகு அது நம்பத்தக்க ஸ்பிரிங் அல்ல. வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் முழுசாகத் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறலாம். ஷாக் அப்சார்பர் பழையதாகவே இருப்பதால், இறுகிய ஸ்பிரிங்கின் துள்ளலை அதனால் அடக்க முடியாமல் வண்டி தவளை மாதிரி குதிக்கும். வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு ஸ்பிரிங்கைக் கழற்றுவதும் கூடாது. அமுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும் ஆற்றல் அதில் இருக்கிறது. அதற்கென்று கருவியும் பழகிய கையும் வேண்டும்.

நாங்கள் போட்டது, இந்த வண்டிக்கென்றே செய்த குறைந்த உயர ஸ்பிரிங்குகளும் அவற்றுக்குப் பொருத்தமான, தண்டு குட்டையான ஷாக் அப்சார்பர்களும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வெட்டுவதைவிடச் செலவு பல மடங்கு. மகன் ஐந்து மாதம் பணம் சேர்த்தான். அந்தக் காத்திருப்பும் நல்லதாகப் போயிற்று, இடையில் பதினேழு இஞ்ச் சக்கரம் மாட்டும் யோசனையைத் தானாகவே விட்டுவிட்டான். இப்போதுள்ள 185/65 டயரின் பக்கச் சுவர் 120 மில்லிமீட்டர். அவன் பார்த்து வைத்திருந்த 205/45 டயருக்கு 92-தான். டயரும் ஒரு மெத்தைதான். ஸ்பிரிங்கில் 25 கொடுத்துவிட்டு, டயரிலும் 28 கொடுத்தால் வீட்டில் மிச்சம் என்ன இருக்கும்?

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. அதனால் நாங்கள் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தோம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் குறித்துக்கொண்டதாகப் பதில் வந்த பிறகே வேலையைத் தொடங்கினோம். பழைய ஸ்பிரிங்குகள் பரணில் பத்திரமாக இருக்கின்றன, என்றைக்கு வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம். நீங்களும் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

வேலை நடந்தபோது பக்கத்தில் நின்று கவனித்த சில விஷயங்கள், ஒர்க்‌ஷாப்பில் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை:

லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நின்ற பிறகுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் நேர்கோடும் மாறும். உடனே வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டும். புது ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை. இல்லாவிட்டால் டயரின் உள்விளிம்பு நமக்குத் தெரியாமலேயே தேய்ந்து நூல் தெரியும்.

முன்பக்க லோயர் ஆர்ம், வண்டி நிற்கும்போது சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழே சரிந்திருக்க வேண்டும், மிஞ்சிப்போனால் மட்டமாக இருக்கலாம். அதையும் தாண்டி மேல்நோக்கிப் போகுமளவு இறக்கினால், வளைவில் சாய்வு குறையும் என்று நினைத்தவருக்கு நேர்மாறாகக் கூடவும் செய்யும். குட்டை வண்டி எல்லாம் நன்றாக வளையும் என்பது பாதி உண்மைதான்.

முன்னும் பின்னும் வேறு அளவில் இறங்கினால் முகப்பு விளக்கின் வெளிச்சம் படும் இடமும் மாறும். சுவரில் அடித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கை முழுசாக இரண்டு பக்கமும் ஒடித்து, ஐந்து பேரை ஏற்றி, டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று பாருங்கள்.

சரி, இப்போது எப்படி இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்? சின்னச் சின்ன விரிசல்களும் ஒட்டுப்போட்ட தாரும் முன்பைவிட நன்றாகத் தெரிகின்றன. அதை மறைக்க மாட்டேன். சிமென்ட் மேடுகளில் மகன் நடை வேகத்துக்கு வந்துவிடுகிறான். ஐந்து பேர் போகும் நாளில் எல்லா மேட்டிலும் அப்படித்தான். இது நாங்கள் கொடுத்த விலை. கிடைத்ததும் உண்டு. முன்பு ஒரு மேட்டைத் தாண்டினால் வண்டி இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடி அடங்கும். சாருக்கு முதல் அடியைவிட அந்த ஆட்டம்தான் வலி. புது ஷாக் அப்சார்பர் அதை ஒரே மூச்சில் அடக்கிவிடுகிறது. பிசியோதெரபிக்கு ஒரு வாரம்கூட அவர் தவறவில்லை. போன மாதம், "அடுத்த தடவை வால்பாறை ரோட்டுல ஓட்டிப் பார்ப்போமா?" என்று மகனிடம் கேட்டவர் அவர்தான். நாற்பது கொண்டை ஊசி வளைவுக்கு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

காரைத் தாழ்த்த நினைக்கும் பிள்ளைகளே, நான் சொல்வது ஒன்றுதான். படத்தில் பார்த்த உயரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வழியில் உள்ள மோசமான மேட்டை அளங்கள். உங்கள் வண்டியில் ஏறும் அதிகப்படியான ஆட்களை ஏற்றி அளங்கள். ஷாக் தண்டில் ஒரு கேபிள் டை மாட்டி ஒரு வாரம் ஓட்டுங்கள். மிச்சம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு, அதில் ஒரு பங்கை அழகுக்குச் செலவழியுங்கள். மிச்சமே இல்லை என்று டை சொன்னால், வண்டியை அப்படியே விட்டுவிட்டு நல்ல டயர் வாங்கிப் போடுங்கள்.

அளவெடுக்கும்போது பெற்றோரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் பெரியவர்களும் பதில் சொல்வார்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மற்றதை ஒர்க்‌ஷாப்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன். எல்லோரும் பத்திரமாக ஓட்டுங்கள். சீட் பெல்ட் போடுங்கள், பின்சீட்டிலும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்